டேட்டா ‘அது’வா, ‘அவர்’ஆ? ‘த மெஷர் ஆஃப் எ மேன்’ தமிழ் சப்டைட்டில் – விவாத இழை

#1 – வரிமாற்றி

ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர், 2ஆம் சீசன், 9ஆம் எபிசோடு. 1989 பிப்ரவரியில் வந்தது. எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ், இயக்கியவர் ராபர்ட் ஷீரர். இதற்குத் தமிழ் சப்டைட்டிலின் முதல் வரைவு தயார். ஆனால் ஒரு சொல்லில் மொத்த வேலையும் நிற்கிறது. அதற்காகத்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்குக் கதை: என்டர்பிரைஸ் கப்பல் ஸ்டார்பேஸ் 173க்கு வருகிறது. டேஸ்ட்ரம் இன்ஸ்டிட்யூட்டின் ரோபாட்டிக்ஸ் இணைத் தலைவர் கமாண்டர் புரூஸ் மேடாக்ஸ் அங்கே காத்திருக்கிறார். கப்பலின் அதிகாரியும் ஆண்ட்ராய்டுமான (மனித உருவ இயந்திரம்) டேட்டாவைக் கழற்றி, நினைவு முழுவதையும் கம்ப்யூட்டரில் இறக்கி, அதே மாதிரி ஆண்ட்ராய்டுகளை ஏராளமாகச் செய்வது அவருடைய திட்டம். டேட்டாவுக்குச் சம்மதம் இல்லை. ராஜினாமாக் கடிதம் போகிறது. ஸ்டார்ஃப்ளீட்டின் (கப்பலை நடத்தும் விண்வெளிப் படை) சொத்துக்கு ராஜினாமா ஏது என்கிறார் மேடாக்ஸ். நீதி அதிகாரி ஃபிலிப்பா லூவாவும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து அதையே சொல்ல, விசாரணை கூடுகிறது. டேட்டா தரப்பில் கேப்டன் பிகார்ட். எதிர்த்தரப்பில், புது அலுவலகத்தில் வேறு ஆள் இல்லாததால், டேட்டாவின் நண்பர் ரைக்கர்.

மேலே உள்ள பத்தியை மறுபடி பாருங்கள். டேட்டாவுக்கு ஒரு வினைமுற்றுகூட இல்லை. ‘சம்மதம் இல்லை’, ‘கடிதம் போகிறது’ என்று சுற்றிவளைத்துத்தான் எழுத முடிந்தது. ஒரு பத்திக்கு இது நடக்கும். 45 நிமிடத்துக்கு நடக்காது.

ஆங்கிலத்தில் மேடாக்ஸ் டேட்டாவை ‘இட்’ என்கிறார், பிகார்ட் ‘ஹி’ என்கிறார். வித்தியாசம் அந்தச் சின்னச் சொல்லில் மட்டும்தான், வினைச்சொல் யாருக்கும் மாறுவதில்லை. தமிழில் வந்தது, வந்தான், வந்தார் என்று ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கடைசிக் காட்சியில் மேடாக்ஸ் முதன்முதலாக ‘ஹி’ என்று சொல்ல, ‘அவரை நீங்கள் அது என்று சொல்லவில்லையே’ என்று லூவா பிடித்துக்கொள்கிறார். மொத்த எபிசோடும் அந்த இடத்துக்காகத்தான். அதுவரை யார் எதைச் சொல்லவேண்டும் என்பதை வரிவரியாக முடிவு செய்யவேண்டும்.

#2 – குறில்நெடில்

இது மொழிபெயர்ப்பாளருக்கு வந்த தொல்லையாகத் தெரியலாம். உண்மையில் இந்த எபிசோடு தமிழில்தான் இன்னும் கூர்மையாக விழும். விசாரணையே திணை பற்றியது. டேட்டா உயர்திணையா, அஃறிணையா? ஆங்கிலத்தில் அந்த வேலையை ஒரு பிரதிப்பெயர் மட்டும் செய்கிறது, நம்மிடம் இலக்கணமே செய்கிறது.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. பேச்சுத் தமிழில் ‘அது’ எப்போதும் இழிவு கிடையாது. ‘அது பாவம், ஒண்ணும் தெரியாது’ என்று குழந்தையைச் சொல்வோம். வயதானவர்களைப் பரிவோடு அப்படிச் சொல்லும் வீடுகள் உண்டு. மறுபக்கம், வளர்க்கும் நாயை ‘வந்துட்டான்’ என்போம். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்ற காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தாலும் பிழை ஆகாது என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. ஆக மேடாக்ஸ் வெறுமனே ‘அது’ என்று சொன்னால், பார்க்கிறவர் காதில் செல்லமாகக்கூட விழலாம்.

என் யோசனை: மேடாக்ஸ் வாயில் ‘அது’ குறைவாகவும் ‘இது’, ‘இதை’, ‘இந்த இயந்திரம்’ அதிகமாகவும் வரட்டும். எதிரே நிற்கும் ஒருவரைப் பார்த்து ‘இது’ என்று சொல்வதில் செல்லத்துக்கு இடமே இல்லை. மேசைமேல் கிடக்கும் கருவியைச் சுட்டிக்காட்டும் கை அதில் தெரியும்.

#3 – நள்ளிரவுவிளக்கு

#2 சரி. ஆனால் அதற்கு முன் யார் எங்கே எதைச் சொல்கிறார்கள் என்று வரிசைப்படுத்திக்கொள்ளவேண்டும். முக்கியமான நான்கு இடங்கள்:

மேடாக்ஸைச் சாட்சியாக அழைத்து பிகார்ட் கேட்கிறார்: கமாண்டர் டேட்டாவை உங்களுக்குப் பிடிக்குமா? பிடிக்கும் பிடிக்காது என்று சொல்லும் அளவுக்கு ‘இதை’ எனக்குத் தெரியாது என்கிறார் மேடாக்ஸ். ‘அவரை’ வியக்கிறீர்கள்தானே? ஆமாம், ‘இது’ அபாரமான பொறியியல் வேலை. இரண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒரு தடவைகூட ஒருவர் மற்றவர் சொல்லைத் தொடுவதில்லை. இந்த நான்கு வரியும் சப்டைட்டிலில் அடுத்தடுத்து வரவேண்டும். தமிழில் எழுவாயை விட்டுவிடும் பழக்கத்தில் ‘பிடிக்குமா?’, ‘அவ்வளவு பழக்கமில்லை’ என்று சுருக்கினால் காட்சி செத்துவிடும்.

இரண்டாவது, லூவா ரைக்கரை மிரட்டும் இடம். நீ வழக்காடாவிட்டால் சுருக்கத் தீர்ப்பு (விசாரணை இல்லாமலே): டேட்டா ஒரு டோஸ்டர். ‘அவரை’ மேடாக்ஸிடம் போய் நிற்கச் சொல். டோஸ்டர் என்று சொன்ன மூச்சிலேயே ‘ஹிம்’ என்கிறார். அவருக்கே இன்னும் தெரியவில்லை என்பது அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. தயவுசெய்து ‘டோஸ்டர்’ஐ மிக்ஸி என்று மாற்றாதீர்கள். உள்ளூர்ச் சுவை வேண்டாம், டோஸ்டர் எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது, தீர்ப்பு. புதிய உயிரைத் தேடத்தான் ஸ்டார்ஃப்ளீட் தொடங்கப்பட்டது, இதோ அது உட்கார்ந்திருக்கிறது என்று பிகார்ட் முடிக்கிறார். லூவா அதையே எடுத்துக்கொண்டு, ‘இது’ உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது, ‘இது’ என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்று தொடங்குகிறார். அப்புறம்: டேட்டா ஓர் இயந்திரமா? ஆம். ‘அவர்’ ஸ்டார்ஃப்ளீட்டின் சொத்தா? இல்லை. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் திணை மாறுகிறது. தீர்ப்பு வாசகத்துக்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

நான்காவது மேடாக்ஸின் கடைசி வரி. அதை #1லேயே சொல்லிவிட்டார்கள்.

#4 – வரிமாற்றி

லூவாவுக்கு ஒரு வழி தோன்றுகிறது. தமிழில் திணை காட்டாத வடிவங்கள் நிறைய உண்டு: முடியும், வேண்டும், தெரியும், பிடிக்கும், கூடாது, இல்லை. ‘டேட்டாவுக்குத் தெரியும்’ என்றால் டேட்டா யார் என்று சொல்லவேண்டியதில்லை. பெயரெச்சமும் அப்படித்தான். ‘மறுத்த’, ‘எடுத்த’ என்பதில் வால் கிடையாது: ‘டேட்டா எடுத்த முடிவு’. தீர்ப்பு வரை லூவாவின் வரிகளை இந்த வடிவங்களிலேயே எழுதிவிட்டால், அவர் முடிவெடுக்காமல் இருப்பது இலக்கணத்திலேயே தெரியும். டோஸ்டர் வரி மட்டும் விலக்கு, அங்கே ‘அவரை’ கட்டாயம்.

‘அவன்’ஐ யாருக்கும் கொடுக்கவில்லை. டேட்டா லெப்டினன்ட் கமாண்டர், பதக்கங்கள் வாங்கிய அதிகாரி. நண்பர்கள்கூடக் கப்பலில் ‘அவர்’ என்பதுதான் பொருத்தம். ‘அது’வுக்கும் ‘அவர்’க்கும் இடையில் ‘அவன்’ புகுந்தால் மூன்று படி ஆகிவிடும், கதைக்கு வேண்டியது இரண்டுதான்.

இப்போது பெரிய சிக்கல்: ரைக்கர்.

#5 – சீட்டுக்கட்டு

ரைக்கரைச் சரியாகப் பிடிக்கவேண்டுமானால் முதல் காட்சியிலிருந்து தொடங்குங்கள். இந்தத் தொடரில் போக்கர் மேசை முதன்முதலில் வருவது இந்த எபிசோடில்தான். டேட்டா விதிகளை எல்லாம் படித்துவிட்டு உட்கார்கிறார். ரைக்கர் கையில் ஒன்றுமில்லாமலே பந்தயத்தை ஏற்றுகிறார், டேட்டா சீட்டைக் கீழே போட்டு விலகிவிடுகிறார். வெல்ல முடியாத கையை வைத்து எப்படிப் பந்தயம் கட்டினீர்கள்? நீ என் சீட்டைக் காட்டச் சொல்லமாட்டாய் என்று கட்டினேன். பின்னால் மேடாக்ஸிடம் டேட்டா இதையேதான் வாதமாக வைக்கிறார்: எல்லாப் புத்தகமும் படித்திருந்தேன், ஆடியபோது நிஜம் விதிகளைப் போல இல்லை. நினைவில் தகவலை மீறிய ஒரு சுவை இருக்கிறது, உங்கள் முறையில் அது பிழைக்காது. இந்த வரிகளை மொழிபெயர்க்கும்போது முதல் காட்சியில் எந்தச் சொல் போட்டீர்களோ அதே சொல் இங்கேயும் வரவேண்டும். அங்கே ‘ஆட்டம்’, இங்கே ‘விளையாட்டு’ என்றால் கண்ணி அறுந்துவிடும்.

விசாரணையில் ரைக்கருக்கு நேர்மாறான நிலை. கையில் வெல்லும் சீட்டு இருக்கிறது, போடப் பிடிக்கவில்லை. பொய்யாக ஆடவும் முடியாது, அரைமனதோடு வாதாடினால் அந்த இடத்திலேயே முடித்துவிடுவேன் என்று லூவா சொல்லிவிட்டார். முந்தைய இரவு ரைக்கர் தனியாக உட்கார்ந்து டேட்டாவின் வரைபடங்களைப் பார்க்கிறார். ஒரு இடத்தில் முகம் மலர்கிறது: டேட்டாவை நிறுத்தும் சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த விநாடி, என்ன கண்டுபிடித்தோம் என்பது உறைக்கிறது. ரைக்கராக நடிக்கும் ஜோனதன் ஃபிரேக்ஸ் அதை வசனம் இல்லாமல், கண்ணை மட்டும் தாழ்த்திச் செய்துவிடுகிறார். அங்கே சப்டைட்டில் வேண்டாம். திரையில் தெரியும் தொழில்நுட்பச் சொற்களுக்கு மேலே வரி போட்டால் பார்க்கிறவர் கண் கீழே இறங்கிவிடும், முகம் மாறும் அந்தக் கணம் போய்விடும்.

அதனால் ரைக்கருக்கு என் பதில்: ‘அது’வை மழுப்பாதீர்கள். அவருடைய உரையை அப்படியே பாருங்கள். ‘கமாண்டர்’ என்று மரியாதையாகத் தொடங்குகிறார், அடுத்த வாக்கியத்தில் ‘இதன்’ நோக்கம் மனிதத் தேவைக்குச் சேவை என்கிறார். அங்கிருந்து கடைசிவரை ‘இதன்’, ‘இதன்’, ‘இதன்’. நண்பரின் வாயால் நண்பர் அஃறிணை ஆகிறார். மேடாக்ஸ் சொன்னால் அது அவருடைய கருத்து. ரைக்கர் சொல்லும்போது அது அவர் கொடுக்கும் விலை.

#6 – வாய்தா

சட்டப் பக்கம் கொஞ்சம் பேசவேண்டும். இந்த எபிசோடை நான் மிகவும் மதிக்கிறேன், ஆனால் பிகார்டின் வழக்கில் பெரிய ஓட்டை இருக்கிறது.

சொத்துக்குப் பதவி உயர்வு கொடுப்பதுண்டா? அகாடமியில் சேர்த்தது ஸ்டார்ஃப்ளீட். சேர்க்கைக் குழுவில் எதிர்த்தவர் மேடாக்ஸ் ஒருவர்தான். அப்புறம் பதவி, பதக்கம், மனிதர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் எல்லாம் அதே ஸ்டார்ஃப்ளீட் கொடுத்தது. இத்தனை ஆண்டு அதிகாரியாக நடத்திவிட்டு இன்று பொருள் என்று சொல்ல முடியாது என்ற ஒரே வாதத்தில் வழக்கை முடித்திருக்கலாம். பிகார்ட் அதைக் கையில் எடுக்கவே இல்லை. பதக்கங்களை மேசைமேல் வைக்கிறார், ஆனால் ‘ஏன் எடுத்துவைத்தாய்’ என்று டேட்டாவின் மனத்தைக் கேட்கத்தான் வைக்கிறார்.

இன்னொன்று, நண்பரையே எதிர்த்தரப்பில் நிறுத்தும் ஏற்பாடு. எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

ஆனால் ஸ்னாட்கிராஸ் வழக்கறிஞராக இருந்தவர். தெரியாமல் எழுதியிருக்கமாட்டார். 1857இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த டிரெட் ஸ்காட் வழக்கைத்தான் அவர் இதற்கு அடிப்படையாக வைத்தார். அதில் தலைமை நீதிபதி ரோஜர் டேனி, கறுப்பினத்தவர் குடிமகன் ஆக முடியாது, வழக்குத் தொடுக்கவே உரிமை இல்லை என்றார். அடிமையைச் சொத்தாகவே பார்த்து, சொத்தின் மீதான உடையவரின் உரிமையைக் காப்பாற்றினார். ‘சொத்து ராஜினாமா செய்ய முடியாது’ என்ற மேடாக்ஸின் வாதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘பிராப்பர்ட்டி’க்கு ‘உடைமை’ என்று இலக்கியமாகப் போடாமல் ‘சொத்து’ என்றே போடச் சொல்வது இதனால்தான். பத்திரத்தில் வரும் சொல்லாக இருக்கவேண்டும்.

#7 – நள்ளிரவுவிளக்கு

வாய்தா, ஓட்டை என்று நீங்கள் சொல்வதுதான் எபிசோடின் பலம் என்று நினைக்கிறேன். பதவி வாதத்தில் பிகார்ட் வென்றிருந்தால் அது டேட்டா ஒருவருக்கான வெற்றி. பதவி இல்லாத அடுத்த ஆயிரம் ஆண்ட்ராய்டுகளுக்கு அதில் ஒன்றும் கிடையாது. கப்பலின் மதுக்கூடத்தை நடத்தும் கைனனோடு பேசும் காட்சிக்குப் பிறகு பிகார்ட் வாதாடுவது அந்த ஆயிரத்துக்காக. மேடாக்ஸிடம் அவர் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்: நூறு? ஆயிரம்? அப்போது அது ஓர் இனம் ஆகிவிடாதா?

தீர்ப்பு குறுகியது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். டேட்டாவுக்கு ஆன்மா உண்டா என்று தெரியாது, எனக்கே உண்டா என்று தெரியாது, தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. அவ்வளவுதான். அதனால்தான் 1990இல் இதே தொடரில் வந்த ‘த ஆஃப்ஸ்பிரிங்’ எபிசோடில் டேட்டா உருவாக்கிய மகள் லாலை ஓர் அட்மிரல் எடுத்துப்போக வரமுடிகிறது. 2001இல் இன்னொரு ஸ்டார் டிரெக் தொடரான வாயேஜரின் ‘ஆதர், ஆதர்’ எபிசோடில் ஹோலோகிராம் டாக்டரைக் கலைஞர் என்று ஒப்புக்கொள்கிறார்கள், ஆள் என்று ஒப்புக்கொள்வதில்லை. சப்டைட்டிலில் ‘டேட்டா ஒரு மனிதர்’ என்று தீர்ப்பு சொல்வதுபோல எங்கேயும் எழுதிவிடக்கூடாது. லூவா அப்படிச் சொல்லவே இல்லை.

#8 – பெட்டாபைட்

எண்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே. ரைக்கர் விசாரணையில் கேட்கிறார், டேட்டா சொல்கிறார்: நினைவுக் கொள்ளளவு 800 குவாட்ரில்லியன் பிட், வேகம் விநாடிக்கு 60 டிரில்லியன் செயல். ‘குவாட்ரில்லியன்’ தமிழ் வாசகருக்கு எட்டாது. 800 குவாட்ரில்லியன் என்றால் 8க்குப் பின் 17 பூஜ்யம், அதாவது 8,000 கோடி கோடி. 60 டிரில்லியன் என்றால் 60 லட்சம் கோடி. டேட்டா வாயில் ‘எட்டாயிரம் கோடி கோடி பிட்’, ‘அறுபது லட்சம் கோடி செயல்’ என்று எழுத்தாலேயே போடுங்கள். எண்ணாகப் போட்டால் பூஜ்யத்தை எண்ணுவதிலேயே வரி போய்விடும்.

நம் கணக்கில் அந்த நினைவு 100 பெட்டாபைட். 1 டெராபைட் டிஸ்க் ஒரு லட்சம். 1989இல் மிக வேகமான சூப்பர் கம்ப்யூட்டர்களே விநாடிக்குச் சில நூறு கோடிக் கணக்குத்தான் போட்டன, அதனால் அந்த வரி அப்போது மலைக்கவைத்திருக்கும். இன்று பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 60 டிரில்லியனைத் தாண்டுகிறது. வேகத்தை வைத்து ‘ஆள்’ என்று முடிவு செய்ய முடியாது என்ற பிகார்டின் நிலை இன்னும் கெட்டியாகிறது. ரைக்கர் அடுக்கும் சான்றுகள் எல்லாமே, உலோகக் கம்பியை வளைப்பது, கையைக் கழற்றிக் காட்டுவது, இந்த எண்கள், டேட்டா எதனால் ஆனவர் என்பதற்கான சான்றுகள். பிகார்ட் அதை மறுப்பதே இல்லை: இயந்திரம்தான், நாமும் வேறு வகை இயந்திரம்தான் என்கிறார்.

கோப்பு வேலைக்கு மூன்று எச்சரிக்கை. விநாடிக்கு 23.976 பிரேமில் நேரம் குறித்த வரிகளை 25 பிரேமில் ஓடும் ஐரோப்பிய டிவிடிக்குப் போட்டால், 45 நிமிடப் படம் 43 நிமிடம் 9 விநாடியில் முடிந்துவிடும். முதல் வசனம் சரியாகவும் தீர்ப்பு வரி கிட்டத்தட்ட 2 நிமிடம் தாமதமாகவும் வரும். போகப் போகத் தள்ளினால் பிரேம் வேகம், தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு தள்ளினால் வெறும் இடப்பெயர்ச்சி. இரண்டையும் குழப்பவேண்டாம். 2012 ப்ளூ-ரேயில் உள்ள நீளப் பதிப்புக்கு இந்தக் கோப்பு எப்படியும் பொருந்தாது, கூடுதல் காட்சிகள் இடையிடையே வருவதால் தனிக் கோப்புதான். மூன்றாவது, வரி நீளம். சப்டைட்டில் மென்பொருள் எழுத்தை எண்ணாது, யூனிகோட் குறியை எண்ணும். ‘நிறுத்துகிறான்’ நமக்கு 7 எழுத்து, அதற்கு 14. வரி நீளம் என்று சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே வெட்டாதீர்கள், வாய்விட்டுப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். சேமிப்பது யூடிஎஃப்-8இல்.

#9 – குறில்நெடில்

கைனன் காட்சிக்கு வருகிறேன். இங்கே ஒரு சொல் தவறினால் மொத்தமும் போகும்.

கைனன் எந்த இடத்திலும் ‘அடிமை’ என்று சொல்வதில்லை. பல உலகங்களின் வரலாற்றில், பிறர் செய்ய விரும்பாத வேலையைச் செய்ய, பயன்படுத்தித் தூக்கிப்போடும் உயிர்கள் இருந்திருக்கின்றன என்று தொடங்குகிறார். பிறகு, தலைமுறை தலைமுறையாகத் தூக்கிப்போடப்படும் மனிதர்கள் என்று முடிக்கிறார். ‘கிரீச்சர்ஸ்’ என்றது ‘பீப்பிள்’ ஆகிவிட்டது. அஃறிணையிலிருந்து உயர்திணைக்கு, விசாரணைக்கு வெளியே, ஒரு மேசையில், யாரும் கவனிக்காமல். ‘இருந்திருக்கின்றன’ என்ற வினை ‘தூக்கிப்போடப்படுகிறவர்கள்’ என்று மாறும்போது தமிழில் அது பளிச்சென்று தெரியும். கைனனாகக் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பர்க் இருக்கும்போது அந்தச் சொல்லை அவர் ஏன் பிகார்டின் வாய்க்கு விட்டுவைக்கிறார் என்று விளக்கவேண்டியதில்லை. ‘அடிமைத்தனம்’ பிகார்டின் சொல். மொழிபெயர்ப்பில் கைனன் வரியில் ‘அடிமை’, ‘கொத்தடிமை’ எதுவும் வாடை அடிக்கக்கூடாது.

இன்னொன்று, மேடாக்ஸின் மூன்று அளவுகோல்கள்: புத்தி, தன்னை அறிதல், நனவு. ‘சென்டியன்ட்’டுக்கு ‘உணர்வுள்ள’, அடுத்து ‘தன்னுணர்வு’, அடுத்து ‘உணர்வுநிலை’ என்று போட்டால் மூன்றும் ஒரே சொல்லாகக் காதில் விழும், பிகார்ட் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவது புரியாது. மூலத்திலேயே கொஞ்சம் குழப்பம் உண்டு: தன்னை அறிதலை விளக்கும்போது மேடாக்ஸ் ‘கான்ஷியஸ்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறார், அதுதான் மூன்றாவது அளவுகோல். அங்கே ‘உன் இருப்பும் செயலும் உனக்குத் தெரிகிறது’ என்று போட்டுவிடலாம். மூன்றாவதற்கு ‘நனவு’ வறட்சியாக இருந்தால் ‘பிரக்ஞை’.

#10 – வரிமாற்றி

கைனன், அளவுகோல் இரண்டும் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. ‘தன்னை அறிதல்’ இடத்தில் இன்னொரு கண்ணி. இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று பிகார்ட் கேட்க, என் உரிமையையும் நிலையையும் தீர்மானிக்கும் விசாரணையில் கலந்துகொள்கிறேன் என்கிறார் டேட்டா. எதைப் பணயம் வைத்திருக்கிறோம்? என் தேர்வுரிமை, ஒருவேளை என் உயிரே. பிகார்ட் திருப்பிச் சொல்கிறார்: என் உரிமை, என் நிலை, என் தேர்வுரிமை, என் உயிர். தமிழில் ‘என்’ இயல்பாகவே உதிரும், ‘உரிமை, நிலை, உயிர்’ என்று எழுதக் கை தானாகப் போகும். உதிர்த்தால் வாதமே இல்லை. அந்த ‘என்’தான் சான்று. நான்கும் இருக்கிறது.

அதற்கு முன் டேட்டா கேட்கும் கேள்விக்கு ‘நான் ஆளா, ஆஸ்தியா?’ என்று ஒரு வடிவம் இருந்தது. மோனை இனிக்கிறது, ஆங்கிலத்திலும் இரண்டு சொல்லும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. ஆனால் #6 சொல்வதுபோல ‘சொத்து’ எபிசோடு முழுக்க ஒரே சொல்லாக ஓடவேண்டும். ‘நான் ஓர் ஆளா, சொத்தா?’ என்று முடிவாகிறது.

டேட்டாவின் பேச்சுநடை: சுருக்க வடிவங்களை அவர் தவிர்ப்பவர். எல்லாருக்கும் எழுத்துத் தமிழ் போட்டால் அந்த வேறுபாடு மறையும். முழுப் பேச்சுத் தமிழ் போட்டால் வேகமாகப் படிக்க வராது. நடுவழி: மற்றவர்கள் ‘முடியாது’, ‘இல்லையே’, ‘சொன்னேனே’, டேட்டா ‘இயலாது’, ‘இல்லை’, ‘கூறினேன்’. ஏகார ஓகார இடைச்சொல் டேட்டாவுக்குக் கிடையாது. ஐயம் தீராத ஒரு இடம், பார்வையற்ற சக அதிகாரி லாஃபோர்ஜின் கண் பற்றி அவர் பிகார்டிடம் பேசுவது. லாஃபோர்ஜின் கருவிக்கண் மனிதக் கண்ணைவிட எவ்வளவோ மேல், அப்படியானால் எல்லா அதிகாரிகளுக்கும் ஏன் அதைப் பொருத்தவில்லை? பிகார்டிடம் பதில் இல்லை. ‘புரிகிறது. நான் மனிதன் அல்லன் என்பதால்தான்.’ இங்கே ‘அல்லன்’ ஆ, ‘அல்ல’வா?

#11 – குறில்நெடில்

இரண்டும் வேண்டாம். இலக்கணப்படி ‘நான்’ஓடு ‘அல்லேன்’தான் வரவேண்டும்: ‘நான் மனிதன் அல்லேன்’. வழக்கில் இல்லாத வடிவம் என்பதால் டேட்டா ஒருவருக்குத்தான் பொருந்தும். தன்மை ஒருமைக்குத் திணை வேறுபாடு இல்லை என்பதையும் கவனியுங்கள். ‘நான்’ என்று பேசும்போது உயர்திணை அஃறிணை இரண்டுக்கும் ஒரே விகுதி. டேட்டா தன்னைப் பற்றிப் பேசும் ஒரு வரியிலும் அவர் என்ன திணை என்று தமிழ் கேட்பதில்லை. மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போதுதான் கேட்கிறது.

#12 – நள்ளிரவுவிளக்கு

#11 படித்ததும் எழுந்து உட்காரவேண்டியதாகிவிட்டது. அந்த ‘அல்லேன்’ இருக்கட்டும்.

மேடாக்ஸ் அனுமதி கேட்காமல் டேட்டாவின் அறைக்குள் வருவாரே, அந்த இடமும் இதோடு சேரும். பிகார்ட் கொடுத்த ஷேக்ஸ்பியரை எடுத்து 29ஆம் சானெட்டின் தொடக்கத்தைப் படித்துவிட்டு, இது உனக்கு வெறும் சொல்லா, பொருள் புரிகிறதா என்கிறார். டேட்டா கவிதைக்குப் பதில் சொல்வதில்லை. ஒருவர் அறைக்குள் வருமுன் அனுமதி கேட்பது வழக்கம் இல்லையா என்று கேட்கிறார். ‘ஒருவர்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ‘அறைக்குள் வருமுன்’ என்று சுருக்கினால் வெறும் மரியாதைப் பாடமாகிவிடும்.

#13 – சீட்டுக்கட்டு

கடைசி இரண்டு இடங்களுக்கு என் வரிகள், நேரக் குறிப்போடு.

ரைக்கர் உரையில் ‘எ மேன்’ நான்கு முறை வருகிறது: ஒரு மனிதனின் மனத்தில் தோன்றிய கனவு, ஒரு மனிதன் எழுதிய புரோகிராம், ஒரு மனிதன் கட்டிய உடல், இப்போது ஒரு மனிதன் இதை நிறுத்தப்போகிறான். நான்கிலும் ‘மனிதன்’ என்றே வரவேண்டும். ‘ஒருவர்’, ‘ஆள்’, ‘மனிதர்’ என்று மாற்றி மாற்றிப் போடக்கூடாது. கடைசி வரியை இரண்டாக உடையுங்கள். ‘இப்போது...’ தனி வரி. ஃபிரேக்ஸ் அங்கே திணறி அதே சொல்லை மறுபடி சொல்கிறார், கை டேட்டாவின் முதுகுக்குப் போகும்போதுதான் ‘ஒரு மனிதன் இதை நிறுத்தப்போகிறான்’ தோன்றவேண்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால் ஒரே வரியாகப் போட்டால், சுவிட்சை அழுத்துவதற்கு 2 விநாடி முன்பே பார்க்கிறவர் படித்து முடித்திருப்பார். டேட்டா மேசைமேல் சாய்ந்த பிறகு வரும், பினோக்கியோ (கதையில் வரும் மரப்பொம்மை) பற்றிய வரிக்கு ‘இதன் நூல்கள் அறுந்துவிட்டன’. ‘இவன் நூல்கள்’ என்று யாரோ முன்பு போட்ட கோப்பில் இருந்தது, அது தவறு.

விசாரணை முடிந்து, கொண்டாட்டத்துக்கு வராமல் ரைக்கர் தனியே நிற்கிறார். நீங்கள் மறுத்திருந்தால் எனக்கு எதிராகச் சுருக்கத் தீர்ப்பு வந்திருக்கும் என்கிறார் டேட்டா. ‘அந்தச் செயல் உங்களைக் காயப்படுத்தியது, என்னைக் காப்பாற்றியது. அதை நான் மறக்கமாட்டேன்.’ இதற்கு ரைக்கரின் பதிலில் மறுபடி ‘மேன்’ வருகிறது, ஐந்தாவது முறை, இந்தத் தடவை டேட்டாவைப் பார்த்து. எபிசோடின் பெயரும் அதுதான். அதனால் இங்கேயும் அதே ‘மனிதன்’, ‘அறிவாளி’ என்று சுருக்கக்கூடாது. ஆங்கிலத்தில் ‘நண்பா’ கடைசியில் வரும். தமிழில் முன்னால் எடுத்துவிட்டால் ‘மனிதன்’ வரியின் முடிவில் நிற்கும், வினையும் வேண்டாம்:

‘நண்பா, நீ விவேகமான மனிதன்.’

#14 – வரிமாற்றி

சேர்த்தாகிவிட்டது. விசாரணையில் ரைக்கர் டேட்டாவிடம் ‘நீங்கள்’, ‘கமாண்டர்’. இந்த வரியில்தான் ‘நீ’க்குத் திரும்புகிறார். டேட்டாவின் பதில் தனித் திரையில், 3 விநாடி: ‘இன்னும் இல்லை, ஐயா. ஆனால் உங்கள் உதவியோடு கற்றுவருகிறேன்.’ இரண்டாம் வரைவில் முதலில் தீர்ப்புக் காட்சி மட்டும் ஏற்றப்படும். லூவாவின் வரிகளில் எங்காவது ஒரு வால் ஒளிந்திருந்தால் வரி எண்ணோடு சொல்லுங்கள்.